சர்க்கரை வருமுன்

நம் குடும்பங்களில் யாரேனும் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வீடு திரும்பினால், வாசற்படியிலேயே கேட்கப்படும் முதற் கேள்வி, "சர்க்கரை இருக்கிறதா?" என்பதுதான். "இல்லை" என்று பதில் வந்துவிட்டால் அன்று மாலையே கேசரி கிண்டினாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை. இருக்கிறது, இல்லை என்று இரண்டே விடைகள் கொண்ட கேள்வியாக இதை எல்லோரும் எண்ணி வருகிறோம். ஆனால் 'இல்லை' என்பதற்கும் 'இருக்கிறது' என்பதற்கும் நடுவே பல வருஷங்கள், சிலருக்குப் பத்து வருஷங்களுக்கு மேலும், சத்தமின்றிக் கழிகின்றன. அந்தக் காலத்தில் சரீரத்துக்குள் நடப்பதற்கு வைத்திய சாஸ்திரத்தில் 'இன்ஸுலின் எதிர்ப்பு' என்று பெயர். சமீப காலமாக டாக்டர்கள் எழுதித் தரும் சீட்டுகளில் இந்தப் பெயர் அடிக்கடி தென்படுகிறது. காலேஜில் படிக்கும் பெண்கள்கூட இதோடு வீடு வருகிறார்கள். "இது என்ன வியாதி? குழந்தைக்கு இன்ஸுலின் ஊசி போட வேண்டி வருமா?" என்று கலங்கிக் கேட்கும் தாய்மார்கள் பலர். இவ்வாரம் அதைப் பற்றியே பேச உத்தேசம்.

நாம் உண்ணும் சோறும் இட்லியும் குடலில் கரைந்து சர்க்கரையாகி ரத்தத்தில் கலக்கின்றன. உடனே, வயிற்றுக்குப் பின்புறம் மறைந்திருக்கும் கணையம் என்ற உறுப்பு இன்ஸுலினைச் சுரந்து அனுப்புகிறது. இன்ஸுலின் கொண்டு செல்லும் உத்தரவுகள் முக்கியமாக இரண்டு. தசைகளுக்கும் கொழுப்புத் திசுக்களுக்கும், "வந்த சர்க்கரையை உள்ளே வாங்கி வையுங்கள்" என்பது ஒன்று. ஈரலுக்கு, "நீ சேமித்து வைத்திருப்பதை இப்போது வெளியே விடாதே" என்பது மற்றொன்று. ஈரலைப் பற்றிய இந்த இரண்டாவது சங்கதியைப் பலர் அறியார். இரவு முழுவதும் நாம் பட்டினி கிடந்து தூங்கும்போது மூளைக்கு வேண்டிய சர்க்கரையைக் கொடுத்து வருவது ஈரல்தான். காலையில் ஒன்றும் சாப்பிடாமலே சிலருக்குச் சர்க்கரை ஏறியிருப்பதன் ரகசியமும் அங்கேதான் இருக்கிறது. உத்தரவு வந்தும் ஈரல் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

இந்தச் செவிட்டுத்தனமே இன்ஸுலின் எதிர்ப்பு. எமது தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்லலாம். அடங்காத பிள்ளைகள் நிறைந்த வகுப்பு ஒன்று இருக்கிறது. சாதாரணக் குரலில் சொன்னால் யாரும் கேட்பதில்லை, ஆசிரியர் குரலை உயர்த்துகிறார், வகுப்பு அடங்குகிறது. மறுநாள் இன்னும் சற்று உயர்த்த வேண்டியிருக்கிறது. தாழ்வாரத்தில் நடந்து போகும் தலைமை ஆசிரியர் எட்டிப் பார்த்து, பிள்ளைகள் ஒழுங்காக உட்கார்ந்திருப்பதைக் கண்டு திருப்தியோடு போய்விடுகிறார். உள்ளே ஆசிரியரின் தொண்டை படும் பாடு அவருக்குத் தெரியாது. சில வருஷம் கழித்து ஒரு நாள் தொண்டை கட்டிக்கொள்ளுகிறது. அன்றுதான் கூச்சல் தாழ்வாரத்துக்குக் கேட்கிறது. வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை மாத்திரம் பார்ப்பது, தலைமை ஆசிரியர் எட்டிப் பார்ப்பதைப் போன்றது. கணையம் இரட்டிப்பாக உழைத்துச் சர்க்கரையை அடக்கி வைத்திருக்கும் வரையில் சோதனைச் சீட்டில் எல்லாம் சரியாகவே இருக்கும்.

விஞ்ஞானிகளும் இந்தத் தொண்டையைக் கண்டுபிடிக்க வெகு நாள் ஆயிற்று. 1921-ல் கானடா தேசத்து டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்ற இருவரும் இன்ஸுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில், சாகக் கிடந்த பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு அது ஊசி மூலம் செலுத்தப்பட்டது. அந்த அற்புதத்தைக் கண்ட உலகம், நீரிழிவு என்றால் இன்ஸுலின் இல்லாக் குறையே என்று முடிவு கட்டிவிட்டது. 1936-ல் லண்டன் டாக்டர் ஹிம்ஸ்வொர்த் நீரிழிவுக்காரர்களுக்குச் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, கூடவே இன்ஸுலினையும் செலுத்திப் பார்த்தார். சிலருக்குச் சர்க்கரை ஏறாமல் நின்றது. வேறு சிலருக்கு இன்ஸுலின் போட்டும் ஏறிக்கொண்டே போயிற்று. ஆகையால் வியாதி இரு வகை, ஒரு வகையில் இன்ஸுலினுக்குச் சரீரம் கீழ்ப்படிவதில்லை என்று அவர் எழுதினார். அப்போது ரத்தத்திலுள்ள இன்ஸுலினை அளக்கும் வழியே கிடையாது. அந்த வழியை 1960-ஐ ஒட்டிய வருஷங்களில் நியூயார்க்கில் கண்டுபிடித்தவர்கள் ரோஸலின் யாலோ என்ற பெண்மணியும் பெர்ஸன் என்ற டாக்டரும் ஆவர். நடுவயதில் நீரிழிவு கண்டவர்கள் பலரது ரத்தத்தில் இன்ஸுலின் குறைவாக இல்லை, மிகுதியாகவே இருந்தது என்று அளந்து காட்டினார்கள். யாலோ அம்மையார் 1977-ல் நோபல் பரிசு பெற்றார். பெர்ஸன் அதற்கு ஐந்து வருஷம் முன்பே காலமாகிவிட்டார். பிறகு 1988-ல் அமெரிக்க டாக்டர் ரீவன், இந்த எதிர்ப்பு சர்க்கரையோடு நிற்பதில்லை, ரத்த அழுத்தம், ரத்தக் கொழுப்பு, மாரடைப்பு ஆகியவற்றோடும் உறவு கொண்டது என்று விளக்கினார்.

நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதையிலும் இவ்வியாதி பிறவியில் வருவது, ஆகார முறை தவறியதால் வருவது என இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முன்னவர் மெலிந்தவர், பின்னவர் பருத்தவர் என்றும், ஏழை நோயாளி குடையும் செருப்புமின்றி நூறு யோசனை தூரம் நடக்க வேண்டும், கிணறு வெட்ட வேண்டும் என்றும் அதில் கண்டிருக்கிறது. பழம்பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. சிகிச்சை என்று எண்ணிய உடனே மனிதனை எழுந்து நடக்கச் சொன்னார்களே, அந்த யுக்தியை நினைத்துத்தான் சொன்னோம். அதன் காரணம் பின்னால் வரும்.

தசையும் ஈரலும் ஏன் செவிடாகின்றன? பெரும்பாலும் கொழுப்பு இருக்க வேண்டாத இடத்தில் குடியேறுவதால்தான். தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு, வீட்டுக் குதிரில் நெல் இருப்பது போல, பெரிய கெடுதல் செய்வதில்லை. குதிர் நிறைந்த பின் வருவது கூடத்திலும் சமையலறையிலும் கொட்டிக் கிடந்தால்தான் குடித்தனம் கெடுகிறது. அவ்விதமே மிஞ்சிய கொழுப்பு ஈரலிலும் தசையிலும் குடலைச் சுற்றியும் சேரும்போது இன்ஸுலினின் உத்தரவு உள்ளே செல்லாமல் தடைப்படுகிறது. இந்தியர்களாகிய நமக்கோ அந்தக் குதிர் சிறியது என்று தோன்றுகிறது. 2004-ல் லான்ஸெட் என்ற வைத்தியப் பத்திரிகையில் ஒரு வேடிக்கையான படம் வெளியாயிற்று. புனா நகரத்து டாக்டர் யாஜ்னிக், லண்டன் டாக்டர் யட்கின் என்ற இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கு, நம்மவர் உடலில் 21.2 பங்கு! பார்வைக்கு மெலிந்தவர், உள்ளே பருத்தவர்.

எமது பள்ளியிலேயே கணக்கு ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கையும் காலும் முருங்கைக்காய் போலிருக்கும். சட்டையின் நடுப் பொத்தான் மாத்திரம் சற்றுச் சிரமப்படும். பருத்த சகாக்களைக் கேலி செய்வதில் அவருக்கு இணை கிடையாது. நாற்பத்து நான்காவது வயதில் அவருக்கு நீரிழிவு என்று தெரிந்தபோது எங்களைவிட அவருக்குத்தான் அதிர்ச்சி அதிகம். தராசு அவரை ஒரு நாளும் எச்சரிக்கவில்லை. ஒரு முழம் நூல் எச்சரித்திருக்கும்.

அந்த நூல் சோதனையை யாரும் வீட்டிலேயே செய்யலாம். தலை முதல் குதிகால் வரை உயரத்துக்கு ஒரு நூலை அளந்து சரிபாதியாக மடித்துக்கொள்ள வேண்டும். மடித்த நூல் தொப்புளின் மட்டத்தில் இடுப்பைச் சுற்றி வந்து எட்டினால் நல்லது. எட்டாவிட்டால் யோசிக்க வேண்டும். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு ஜயிப்பதில் பிரயோஜனம் இல்லை. அளவு நாடா வைத்திருப்பவர்களுக்கு, இந்தியப் புருஷர்களுக்கு 90 சென்டிமீட்டர், ஸ்திரீகளுக்கு 80 சென்டிமீட்டர் என்பது டாக்டர்கள் சொல்லும் எல்லை.

இன்னோர் அடையாளம் உண்டு. அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். பிடரியிலும் அக்குளிலும் தோல் கறுத்து, தடித்து, வெல்வெட்டுத் துணி போல் ஆகும். ரத்தத்தில் மிகுந்து நிற்கும் இன்ஸுலின் தோலின் அணுக்களைத் தூண்டி வளரச் செய்வதால் இது உண்டாகிறது. எங்கள் வகுப்பில் ஒரு பெண், சித்திரை வெயிலிலும் கழுத்தைச் சுற்றிய துப்பட்டாவை எடுக்க மாட்டாள். விசாரித்ததில், வீட்டில் அவள் தாயார் மூன்று வருஷமாகக் கடலை மாவும் எலுமிச்சந் தோலும் கடைசியில் பீர்க்கங்காய் நாரும் கொண்டு தேய்த்துத் தேய்த்து, "அழுக்கைக்கூடச் சரியாகத் தேய்த்துக் குளிக்கத் தெரியவில்லையே" என்று ஏசி வந்தது தெரிந்தது. தோல் புண்ணானதே ஒழியக் கறுப்பு போகவில்லை. அந்தப் பெண்ணுக்கு மாதவிடாயும் ஒழுங்காக வருவதில்லை. அதை வெட்கத்தினால் அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றே. மிஞ்சிய இன்ஸுலின் சினைப்பையைத் தூண்டி, ஆண்களுக்குரிய சுரப்பை அளவுக்கு மேல் சுரக்கச் செய்கிறது. அதனால் மாதவிடாய் தவறுகிறது, முகத்தில் ரோமம் தோன்றுகிறது, பருக்கள் வருகின்றன. பெண்ணைக் கண்ணாடி முன் நிறுத்திப் பரிகசிக்கும் பாட்டிமாரும் அத்தைமாரும் இதைத் தெரிந்துகொண்டால், எத்தனையோ வீடுகளில் எத்தனையோ கண்ணீர் மிச்சமாகும். கழுத்துக் கறுப்புக்கு மருந்து சோப்புக் கடையில் இல்லை. ஆனால் பூப்படையும் பருவத்திலும் கர்ப்ப காலத்திலும் யாவருக்குமே இன்ஸுலின் எதிர்ப்பு ஓரளவு கூடுவது இயற்கை. ஆகையால் வயதுப் பிள்ளையின் ஒரு சோதனைச் சீட்டைப் பார்த்து வீடே அழ வேண்டியதில்லை. டாக்டரிடம் அழைத்துப் போனால் போதும்.

சோதனைகளைப் பற்றி: வெறும் வயிற்றில் சர்க்கரை 100 முதல் 125 வரை இருந்தால் அது நீரிழிவுக்கு முந்திய நிலை என்றும், 126 முதல் நீரிழிவு என்றும் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் வகுத்திருக்கிறது. 75 கிராம் குளூக்கோஸ் குடித்து இரண்டு மணி கழித்துப் பார்த்தால் 140 முதல் 199 வரை முந்திய நிலை. 200 முதல் நீரிழிவு. நம்மவர்களில் வெறும் வயிற்றில் ஒழுங்காக இருந்து, குளூக்கோஸ் குடித்த பின் பிடிபடுகிறவர்கள் ஏராளம். எனவே குடும்பத்தில் இவ்வியாதி உள்ளவர்கள் இந்த இரண்டாவது சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ளுவது நலம். 'மூன்று மாதச் சர்க்கரை' என்று வழங்குவது 5.7 முதல் 6.4 வரையில் இருந்தால் முந்திய நிலை. ரத்த சோகை உள்ள பெண்களுக்கு அந்த எண் பிசகுவதுண்டு என்பதை டாக்டருக்கு நினைவூட்டலாம். இன்ஸுலினையே அளந்து தருகிறோம் என்று விளம்பரம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். பரிசோதனைச் சாலைக்குப் பரிசோதனைச் சாலை அந்த அளவு வேறுபடுகிறபடியால், பெரும்பாலோருக்கு அந்தச் செலவு அநாவசியம் என்பது எமது அபிப்பிராயம். நூல் மலிவு.

இதற்குப் பரிகாரம் உண்டா என்றால், உண்டு. அதுவும் நம் சென்னைப் பட்டணத்திலேயே நிரூபிக்கப்பட்டது. டாக்டர் ராமச்சந்திரனும் அவர் சகாக்களும் நீரிழிவுக்கு முந்திய நிலையிலிருந்த 531 பேரை நான்கு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பொதுவான புத்திமதி மாத்திரம், மற்றொன்றுக்கு நடையும் ஆகாரத் திருத்தமும், மூன்றாவதற்கு மெட்ஃபார்மின் என்ற மாத்திரை, நான்காவதற்கு இரண்டும். 2006-ல் வெளியான முடிவு இது: மூன்று வருஷத்தில் முதற் பிரிவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்காரர்களாகிவிட்டனர். நடையும் ஆகாரமும் மேற்கொண்டவர்களில் அது 39.3, மாத்திரைக்காரர்களில் 40.5, இரண்டும் செய்தவர்களில் 39.5. அதாவது மாத்திரை செய்ததை நடை தனியாகவே செய்துவிட்டது. நடந்தவர்களின் எடை அப்படியொன்றும் குறைந்துவிடவில்லை என்பது இன்னும் விசேஷம். "நடந்து நடந்து பார்த்தேன், ஒரு கிலோ குறையவில்லை" என்று வெறுத்து நிறுத்திவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தராசு அசையாதபோதும் உள்ளே வேலை நடக்கிறது.

ஒரு சங்கடமான ஒப்பீட்டையும் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில் இதே மாதிரி 3,234 பேரிடம் செய்து 2002-ல் வெளியான ஆராய்ச்சியில், ஒன்றும் செய்யாத பிரிவில் மூன்று வருஷத்தில் நீரிழிவு கண்டவர்கள் நூற்றுக்கு 29 பேர்தான். நம்மவர்களுக்கு 55. மலைச்சரிவு நமக்குச் செங்குத்தாக இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான கணக்கின்படி நம் தேசத்தில் நீரிழிவுக்காரர்கள் சுமார் 10 கோடி. முந்திய நிலையில் இருப்பவர்கள் 13 கோடிக்கும் மேல். இந்தப் பதின்மூன்று கோடியில் நம் ஒவ்வொருவர் வீட்டு ஆசாமியும் ஒருவராவது இருக்கக் கூடும்.

நடைக்கு ஏன் இவ்வளவு மகிமை? வகுப்பு உதாரணத்துக்கே மறுபடியும் வருவோம். விளையாட்டு மணி அடித்தால் பிள்ளைகளை வெளியே போகச் சொல்லி யாரும் கத்த வேண்டியதில்லை, தாமாகவே ஓடுகிறார்கள். வேலை செய்யும் தசையும் அப்படித்தான். இன்ஸுலினின் உத்தரவை எதிர்பாராமலே அது ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளுகிறது. நடந்து முடித்த பின்னும் சில மணி நேரம், ஒரு நாள் வரையிலும்கூட, அதன் செவி கூர்மையாகவே இருக்கிறது. ஆகையால் வாரத்துக்கு ஒரு நாள் மலையேறுவதைவிடத் தினந்தோறும் அரை மணி நடப்பது மேல். சாப்பிட்டவுடன் பத்து நிமிஷம் நடப்பதும் நல்லது. தசை பெருகினால் சர்க்கரைக்கு இடமும் பெருகும். அதற்குப் பிள்ளையார் சந்நிதியில் மூன்றோடு நிறுத்திக்கொள்ளும் தோப்புக்கரணத்தைப் பத்துப் பதினைந்தாக்கினாலே தொடைத் தசைக்கு அருமையான பயிற்சி. முழங்கால் வலிக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும்.

ஆனால் அந்த அரை மணி யாருடையது? காலையில் கடற்கரையிலும் பூங்காவிலும் நடப்பவர்களைப் பாருங்கள். குடும்பத் தலைவர்களே அதிகம். அதே அரை மணியில் அவர் மனைவி, நடந்து வருபவருக்குக் காபி போட்டு, பிள்ளைகளுக்கு டிபன் டப்பா கட்டிக்கொண்டு அடுப்பின் முன் நிற்கிறாள். "நான் வீட்டில் நாளெல்லாம் நடந்துகொண்டுதானே இருக்கிறேன்" என்று அவள் சொல்லுவது வழக்கம். சமையலறைக்கும் கூடத்துக்கும் இடையே நடப்பதில் களைப்பு உண்டு. இதயம் வேகமாக அடிக்கும் நடை இல்லை. எல்லோரும் சாப்பிட்ட பின் இரவு பத்து மணிக்கு, வீணாகிவிடுமே என்று மிச்சச் சோற்றையெல்லாம் அவளே போட்டுக்கொண்டு உடனே படுக்கிறாள். ஒரு வீட்டில் இன்ஸுலின் எதிர்ப்பைக் குறைக்க வேண்டுமானால், பாத்திரம் தேய்க்கும் முறையை யாராவது புருஷர் வாரத்தில் சில நாள் ஏற்றுக்கொள்ளுவது எந்த மாத்திரைக்கும் குறைந்ததாகாது.

ஆகார விஷயத்தில் நம் தட்டே சாட்சி. மலை போல் சோறு, ஓரத்தில் ஊறுகாய் அளவுக்குக் கறி. மேற்சொன்ன கவுன்சிலின் ஆராய்ச்சி 2025-ல் தெரிவித்தபடி, நம் மக்கள் பெறும் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. அதுவும் பெரும்பாலும் தீட்டிய அரிசியும் மைதாவும் சர்க்கரையும். சோற்றைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. அது நடக்கிற காரியமும் இல்லை. இடத்தை மாற்றினால் போதும். கறியும் கீரையும் பாதித் தட்டு, பருப்போ சுண்டலோ மீனோ முட்டையோ கால் தட்டு, சோறு கால் தட்டு. கறியையும் பருப்பையும் முதலில் உண்டு சோற்றைப் பிறகு உண்டால் சர்க்கரை ஏறும் வேகம் மட்டுப்படுகிறது. கேழ்வரகு என்றால் பயமில்லை என்று மூன்று வேளையும் கூழ் குடிக்கும் அன்பர்கள் உளர். அதிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாவுச்சத்தே. நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் நிறத்தால் வேறுபடினும் ரத்தத்தில் சர்க்கரையாகவே கணக்காகும்.

தூக்கமும் இதில் சேரும். 1999-ல் சிக்காகோவில் ஆரோக்கியமான வாலிபர்கள் பதினொருவரை ஆறு இரவு தலா நான்கு மணி நேரமே படுக்க விட்டதில், அவர்கள் சர்க்கரையைக் கையாளும் சக்தி வெகுவாகக் குறைந்துவிட்டது. நள்ளிரவு வரை கைப்பேசியைத் தடவிக்கொண்டிருக்கும் குமாரர்களுக்கு இதைப் படித்துக் காட்டலாம். கேட்பார்களா என்பது வேறு விஷயம்.

மெட்ஃபார்மின் மாத்திரை முக்கியமாக ஈரலை அடக்குவது. 1957-ல் பாரிஸ் டாக்டர் ஸ்டெர்ன் அதை நீரிழிவுக்காரர்களுக்குக் கொடுத்துப் பார்த்து வெளியிட்டார், விலையும் சொற்பமே. சிலருக்கு டாக்டர் அதை எழுதித் தருவார்; அடுத்த வீட்டு மாமி எழுதித் தரக் கூடாது. ஏற்கெனவே நீரிழிவுக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்ளுகிறவர்கள், இதைப் படித்துவிட்டு உற்சாகத்தில் பட்டினி கிடந்தால் சர்க்கரை அபாயமாகத் தாழ்ந்துவிடக் கூடும். டாக்டரைக் கேட்டே எதையும் மாற்ற வேண்டும்.

கர்ப்ப காலத்தில் சர்க்கரை கண்டு, பிரசவத்துக்குப் பின் "சரியாகிவிட்டது" என்று அனுப்பப்பட்ட பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிற்காலத்தில் நீரிழிவு வரும் அபாயம் அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். பிரசவமாகி ஆறு வாரத்துக்கும் பன்னிரண்டு வாரத்துக்கும் இடையே குளூக்கோஸ் குடித்துச் சோதித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஒன்று முதல் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை. குழந்தை பிறந்ததும் தாயை மறந்துவிடுவது நம் வீடுகளின் வழக்கமாதலால் இந்தச் சோதனை பெரும்பாலும் நடப்பதில்லை. ஆறாவது வாரத்திலும் பத்தாவது வாரத்திலும் குழந்தைக்குத் தடுப்பூசி போடும் நாட்கள் வருகின்றன. அவற்றில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, குழந்தையை மாமியார் மடியில் விட்டுவிட்டு, தாயாரும் அதே ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு வரலாம்.